பள்ளிப் பானையும் வரிப்பணமும்

உங்கள் பள்ளியில் தண்ணீர் குடிக்கும் இடத்தைச் சற்று நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தாழ்வாரத்து மூலையில் மணல் பரப்பி வைத்த மண்பானையும் அதன் மேல் கவிழ்த்த குவளையுமா? முற்றத்து அடிபம்பா? வரிசையாகக் குழாய் பதித்த சிமெண்டுத் தொட்டியா? அல்லது சுவரில் மாட்டிய வடிகட்டும் பெட்டியா? எதுவாயினும் அதற்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் யார்? எதற்கென்று கொடுத்தார்? அது பழுதானால் மறுபடியும் கொடுப்பவர் யார்? இந்த மூன்றாவது கேள்விதான் கடினமானது. இதற்கு விடை தேட, காவிரிப் பாசனத்தின் கடைக்கோடியில் இருக்கும் முத்துப்பேட்டைக்குப் போவோம்.

பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குச் சென்று, 1997 முதல் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரியின் கிளைகள் இதன் அருகேதான் காயலில் கலக்கின்றன. ஊருக்குத் தெற்கே அலையாத்திக் காடு. அதற்கும் தெற்கே பாக் நீரிணை. வாய்க்கால், குளம், காயல், கடல் என்று எங்கு திரும்பினாலும் தண்ணீர். ஆயினும் குடிநீருக்கு முடை. இதில் வியப்பில்லை. ஆறு முடியும் இடத்தில் வாழ்பவருக்கு மேலே உள்ளவர் விட்டது மட்டுமே வந்து சேரும். கீழே இருந்தோ கடல் ஏறி வரும்.

ஓர் அணாவுக்குள் மூன்று செலவு

பள்ளிக்கும் கிணற்றுக்கும் அரசின் பணம் வரத் தொடங்கியது ஒரே பெட்டியிலிருந்துதான். சென்னை மாகாணத்தில் 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. நிலத்தின் ஆண்டு மதிப்பில் ரூபாய்க்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செஸ் வரி விதிக்க அது இடம் தந்தது. சாலை, பள்ளி, சுகாதாரம் மூன்றும் அந்த வரியிலிருந்து நடக்க வேண்டும். 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் ஏற்பட்டன. பெட்டி அவற்றின் கைக்கு மாறியது.

ஒரே பெட்டியில் மூன்று செலவு என்றால், கண்ணுக்குத் தெரிவது முதலில் நடக்கும். இதற்கு முத்துப்பேட்டையே சான்று. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, ரயில் பாதைக்கென்றே நிலத்தின் மேல் தனிச் செஸ் விதித்துப் பணம் திரட்டியது. அப்பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் நீளப் பாதை அமைந்து, 1894இல் ரயில் ஓடியது. உழவரின் வரியில் ஜில்லா போர்டு ஒன்று ரயில் விட்டது அந்நாளில் நாடே பேசிய செய்தி. ரயில் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. நெல்லும் உப்பும் மீனும் அதில்தான் போயின. ஆனால் வரி கொடுக்க மக்களால் இயலும் என்பதும், ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கிய வரியால் அக்காரியம் நிறைவேறும் என்பதும் அன்றே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டன. குடிநீருக்கென்று அப்படி ஒதுக்கிய பணம் வர இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

குளத்து நீரும் வாந்திபேதியும்

அக்காலத்தில் டெல்டாக் கிராமங்கள் குடித்தது பெரும்பாலும் குளத்து நீரையே. வாய்க்காலில் காவிரி வரும்போது குளம் நிரம்பும். வரத்து நின்றபின் அதே நீர்தான் கோடை முழுவதற்கும். கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிடுவார்கள். சேறு அடியில் தங்கி நீர் தெளியும். இது நல்ல வேதியியலே. ஆனால் தெளிந்த நீர் தூய நீர் ஆகிவிடாது.

வாந்திபேதி தண்ணீர் வழியே பரவுகிறது என்று 1854இல் இலண்டனில் ஜான் ஸ்நோ காட்டினார். ஒரு தெருப் பம்பைச் சுற்றி இருந்த வீடுகளில் சாவுகள் குவிந்திருப்பதை அவர் கணக்கெடுத்துக் கூற, பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. முப்பது ஆண்டு கழித்து, 1884இல், ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து நோய்க் கிருமியை ஒரு குளத்து நீரிலேயே கண்டார். நம் ஊர்க் குளங்களைப் போன்றதே அதுவும். குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் பயன்பட்ட குளம். காவிரி டெல்டாவும் வாந்திபேதி அடிக்கடி தலைகாட்டிய பகுதிதான்.

வடிகட்டப் பணம் செலவிடுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு 1892இல் ஜெர்மனியின் இரண்டு நகரங்கள் விடை கூறின. ஹாம்பர்க்கும் ஆல்டோனாவும் ஒட்டியே இருந்த ஊர்கள்; இரண்டும் எல்பே ஆற்று நீரையே குடித்தன. ஆல்டோனா மணற்படுகையில் வடிகட்டிய பின் குடித்தது. ஹாம்பர்க், செலவைப் பற்றிப் பேசியே பல ஆண்டுகளைக் கடத்திவிட்டு, வடிகட்டாமல் குடித்தது. அவ்வாண்டு வாந்திபேதியில் ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் மாண்டனர். ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஒரே தெருவின் ஒரு பக்கத்தில் நோயும் மறுபக்கத்தில் நலமும் இருந்தன என்றால், நடுவில் இருந்த வேறுபாடு மணல் மட்டுமே.

நம் மாகாணத்தில் கிண்டி கிங் நிலையத்தில் குடிநீர்ப் பரிசோதனை நடைபெற்றது. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. கிராமத்துக்கு வந்த மலிவான மருந்து பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டர் கிணற்று நீருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் போதும். தூளில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகக் குளோரின் உண்டு. ஆகவே ஒரு லிட்டருக்குச் சுமார் 0.7 மில்லிகிராம் சேரும். நீரில் உள்ள அழுக்கு இதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அரைமணி நேரம் கழித்து எஞ்சுவதே பாதுகாப்பு. சில காசுகளில் முடிகிற வேலைதான். ஆனால் ஒருமுறை போட்டால் போதாது. மீண்டும் மீண்டும் போட வேண்டும். இந்த 'மீண்டும் மீண்டும்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றியவர் யார்?

பள்ளித் தண்ணீரின் வரலாற்றை நுண்ணுயிரோடு முடித்துவிட்டால் பாதி வரலாறு மறைந்துபோகும். தண்ணீர் இருந்தும் எல்லாக் குழந்தைகளும் அதைத் தொட முடிந்ததா?

அம்பேத்கர் சாத்தாராவில் பள்ளி மாணவராக இருந்தபோது குழாயைத் தாமே திறக்க முடியாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் வராத நாளில் தாகம்தான். தஞ்சைச் சீமையிலும் சேரிக் குழந்தைக்கும் ஊர்க் கிணற்றுக்கும் இடையே அதே தூரம்தான் இருந்தது. 1920 முதல் சென்னை அரசின் தொழிலாளர் இலாகா தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனிப் பள்ளிகளைத் திறந்தது. தனிக் கிணறுகளும் வெட்டியது. உதவிதான், ஐயமில்லை. ஆனால் ஊர்க் கிணற்றைத் திறந்துவிடாமல் வேறு கிணறு வெட்டுவது, கேள்வியைத் தள்ளிப்போடுவதும் ஆகும்.

கேள்வியை நேராகக் கேட்டது 1923இல் பம்பாய்ச் சட்டசபை. எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தின் கருத்து இது: பொதுப் பணத்தில் கட்டிய, அல்லது பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும், நீர்நிலைகளும் கிணறுகளும் பள்ளிகளும் தீண்டப்படாதார் உட்பட அனைவருக்கும் உரியவை. மகாட் நகராட்சி தன் சௌதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தாளில் எழுதியது. யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச்சு 20ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அந்நீரை அள்ளிக் குடித்தார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவிலும் இதே வாதம் இருக்கிறது. முழுமையாகவோ ஓரளவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறுகளிலும் குளங்களிலும் சாதி, மதம் சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது.

பொதுப் பணம் என்றால் கட்டடச் செலவு என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அந்தப் பணம் ஓர் உரிமையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. தனியார் தந்த பானைக்குத் தனியார் நிபந்தனை உண்டு. வரிப்பணத்தில் வைத்த பானைக்கு அது கிடையாது.

சோறு நாள்தோறும், தண்ணீர் ஒருமுறை

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பள்ளிகளில் மதிய உணவு பரவலாகத் தொடங்கியது. கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, ஊர் மக்களே தங்கள் பள்ளிக்குத் தேவையானதைத் தரும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதல் மாநாடு 1958இல் கடம்பத்தூரில் கூடியது. கட்டடம், மேசை, கரும்பலகை, குடிநீர் வசதி என்று மக்கள் வாரி வழங்கினர். வறிய நாட்டில் அது பெரிய காரியம். அதன் எல்லையும் நமக்குத் தெரியவேண்டும். வளமான ஊரின் பள்ளிக்கு நிறையக் கிடைக்கும். வறண்ட ஊரின் பள்ளிக்குக் கொஞ்சம். மேலும், பானை வாங்கித் தருபவர் உண்டு. அடுத்த ஆண்டு அது உடைந்தால் மறுபானைக்கு எவரும் மாநாடு கூட்டுவதில்லை.

1982 சூலை 1ஆம் நாள் எம்.ஜி. இராமச்சந்திரன் அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். உணவுக்கு அரசு எப்படிக் கணக்குப் போடுகிறது? ஒரு குழந்தைக்கு, ஒரு நாளைக்கு, இத்தனை கிராம் அரிசி, இத்தனை கிராம் பருப்பு. பிள்ளைகள் கூடினால் பணமும் கூடும்; நாள்தோறும் வரும். தண்ணீருக்கு எப்படிக் கணக்கு? ஒரு கிணறு இவ்வளவு, ஒரு தொட்டி இவ்வளவு. கட்டி முடித்தால் கணக்கும் முடிந்தது. சோறு செலவாக எழுதப்பட்டது. தண்ணீர் சொத்தாக எழுதப்பட்டது. பள்ளிக் குடிநீரின் பெரும்பாலான தொல்லைகள் இந்த ஒரு கணக்கு வேறுபாட்டிலிருந்தே கிளைத்தன என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். இத்தனைக்கும் சத்துணவு வந்தபின் அரிசி கழுவ, சமைக்க, தட்டுக் கழுவ என்று பள்ளிக்குத் தேவைப்பட்ட நீர் கூடியிருந்தது!

அடிபம்பு கற்பித்த பாடம்

பராமரிப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியா அடிபம்பிடம் கற்றது. 1967ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின், யூனிசெஃப் கொண்டுவந்த துளையிடும் பொறிகளால் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தோன்றியது. 1972-73இல் கிராமக் குடிநீருக்கென்றே மத்திய அரசு விரைவுத் திட்டம் வகுத்தது. துளைகளின் மேல் பொருத்திய பம்புகளோ வார்ப்பிரும்பில் செய்தவை. மேனாட்டில் ஒரு பண்ணை வீட்டுக்கென்று வடிவமைத்ததன் நகல்கள். ஒரு குடும்பம் அடிக்க வேண்டிய பம்பை இங்கே ஓர் ஊரே அடித்தது. பள்ளி முற்றத்துப் பம்பின் பாடு கேட்கவே வேண்டாம்! இடைவேளை மணி அடித்ததும் நூறு பிள்ளைகள் பாய்வார்கள். ஒருவன் அடிக்க, நால்வர் கைப்பிடியில் தொங்குவார்கள். 1970களின் நடுவில் எடுத்த ஆய்வில் பம்புகளில் நான்கில் மூன்று ஓடாமல் கிடந்தன.

மகாராட்டிரத்தின் சோலாப்பூரில் உருவான ஓர் உறுதியான பம்பைத் தழுவிப் புதிய வடிவம் பிறந்தது. எஃகு உடல், கைப்பிடி முனையில் சங்கிலி, தண்டு எப்போதும் நேராக ஏறி இறங்கும். 1976-77இல் கோவைப் பகுதியில் அதைச் சோதித்தனர். சென்னையில் இருந்த பொதுத்துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. இதுவே 'இந்தியா மார்க் 2'. பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. பம்பைக் காட்டிலும் நாம் பாராட்ட வேண்டியது தமிழ்நாட்டில் உருவான மூன்றடுக்குப் பராமரிப்பு முறை: ஊரில் ஒரு காப்பாளர், ஒன்றியத்தில் ஒரு பழுதுபார்ப்பவர், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. பம்பு நின்றால் ஓர் அஞ்சலட்டை போதும்.

ஆனால் மார்க் 2 பாறை நிலத்து ஆழக் கிணற்றுக்கு விடை. முத்துப்பேட்டையில் தண்ணீர் ஆழத்தில் இல்லை. சில அடிகளிலேயே ஊறும். இங்கே கேள்வி வேறு.

நாற்பதுக்கு ஒன்று

கடலோர மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கிறது. இதன் கணக்கை 1880களின் இறுதியில் ஹாலந்தில் கைபனும், 1901இல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டனர். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 20 மீட்டர் ஆழம் வரை அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும். நல்ல செய்தி! ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேல்மட்டம் கால் மீட்டர் தாழ்ந்தால், உப்பு 10 மீட்டர் மேலே ஏறிவிடும்.

அந்த மேல்மட்டத்தைத் தாங்குவது மழையும் ஆற்று வரத்தும். 1934 முதல் மேட்டூர் அணையின் வழக்கமான கால அட்டவணை சூன் 12இல் திறப்பு, சனவரி 28இல் அடைப்பு. பிள்ளைகளுக்குத் தாகம் மிகுந்த மார்ச்சு, ஏப்பிரலில் வாய்க்கால் வறண்டிருக்கும். நிலத்தடி மட்டம் தாழ்ந்திருக்கும். பம்பில் உப்பு கரிக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு உள்ளது. நூறு பங்கு கிணற்று நீரில் இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே குளோரைடு 380 மில்லிகிராமாகிவிடும். இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்க எல்லையாக வைத்திருப்பது 250. வேறு நீரே இல்லாவிட்டால் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

உப்பு நீர் அன்றே எவரையும் கொல்வதில்லை. அதன் தீங்கு வேறு வழியில் வருகிறது. பம்பு நீர் கரித்தால் பிள்ளைகள் குறைவாகக் குடிப்பார்கள். இல்லையேல் இனிப்பான குளத்துக்குப் போவார்கள். நுண்ணுயிர் இல்லாத நீர் நாவுக்குப் பிடிக்கவில்லை. நாவுக்குப் பிடித்த நீரில் நுண்ணுயிர் இருக்கிறது. அரசு பணம் செலவழித்துப் பம்பு வைத்தும் பிள்ளை குடிப்பது குளத்து நீர் என்றால், செலவழித்ததன் பயன் என்ன?

பெட்டிகளும் சட்டங்களும்

2008 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, மத்திய அரசு 'ஜல்மணி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமப் பள்ளிகளில் தனித்தனியே நீர் தூய்மைப்படுத்தும் கருவி வைப்பது நோக்கம். இரண்டு ஆண்டுகளில் 200 கோடி ரூபாய். இலக்கு ஒரு லட்சம் பள்ளிகள். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்கு 20,000 ரூபாய். இந்த விலைக்குக் கிடைக்கும் கருவி கலங்கலையும் நுண்ணுயிரையும் நீக்கும். கரைந்த உப்பை நீக்காது. உப்பு என்பது மிதக்கும் தூசு அன்று. மூலக்கூறு அளவில் நீரோடு கலந்தது. மணலோ கரியோ பீங்கான் குழலோ அதைத் தடுக்க மாட்டா. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் வேண்டும். 1959 வாக்கில் கலிபோர்னியாவில் லோபும் சௌரிராஜனும் உருவாக்கிய சவ்வுதான் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நல்ல முறைதான். ஆனால் மின்சாரம் வேண்டும். சில ஆண்டுக்கொரு முறை சவ்வை மாற்ற வேண்டும். சிறு கருவிகளில் உள்ளே விடும் நீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியேறும். வாங்கும் விலையைக் கொடுத்தவர் சவ்வின் விலையையும் கொடுக்கிறாரா என்பதே மறுபடியும் கேள்வி.

சட்டம் இதற்குள் வெகுதூரம் வந்துவிட்டது. 2010 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பான, போதிய குடிநீர் பள்ளியில் இருக்க வேண்டும் என்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதக் கெடு வைத்தது. 2020 அக்டோபர் 2இல் ஜல் ஜீவன் இயக்கம் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய் இணைப்புத் தர 100 நாள் இயக்கம் தொடங்கியது. எல்லாப் பள்ளிகளுக்கும் தந்துவிட்டதாக அறிவித்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குத் தரும் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்தது. கட்டடம் கட்ட மட்டுமல்ல, பராமரிக்கவும் அப்பணத்தைச் செலவிடலாம். 1894இல் ரயிலுக்குக் கிடைத்த தனி ஒதுக்கீடு குடிநீருக்கும் ஒருவழியாகக் கிடைத்தது எனலாம்.

முத்துப்பேட்டைப் பகுதிக்கு இப்போது நீர் வருவது கொள்ளிடத்தின் மணற்படுகையிலிருந்து. டெல்டாவின் வடக்கு எல்லையில் எடுத்த நீர், டெல்டா முழுவதையும் குழாயில் கடந்து தெற்கு முனைக்கு வருகிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் இக்கடற்கரையைத் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் இருள். ஆற்றில் நீர் இருந்தது, குழாய் இருந்தது, தொட்டி இருந்தது. ஏற்றுவதற்கு மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர்களை வாடகைக்கு எடுத்துத் தொட்டிகளை நிரப்பினார்கள். பழைய அடிபம்பைப் பிடுங்கி எறியாத தெருக்கள் அந்த வாரம் கொடுத்துவைத்தவை.

நீண்ட குழாய்க்கு இன்னொரு இயல்பும் உண்டு. தொடக்கத்தில் சேர்த்த குளோரின் வழியெல்லாம் கரைந்துகொண்டே வரும். கடைசி ஊரின் கடைசிக் குழாயில் சிறிதும் இராமல் போகலாம். ஆகவே ஊர்த் தொட்டியிலேயே மறுபடியும் கலக்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. தொட்டியை இயக்குபவரிடம் இதைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடிக் குழலும் சொட்டு மருந்தும் இருக்கும். உங்கள் பள்ளிக் குழாயில் பிடித்த நீரில் அவரை அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் நிறம் தோன்றினால் குளோரின் இருக்கிறது. தோன்றாவிட்டால், பிளீச்சிங் பவுடர் கடைசியாக எப்போது வாங்கியது, அதற்கு எந்தக் கணக்கில் பணம் வந்தது என்று கேளுங்கள்.